வீட்டுக்குள் வேலை செய்யும் எஃப்டிபி சர்வர், வெளியிலிருந்து ஏன் கிடைப்பதில்லை?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அவரும் கணவரும் வீட்டு மாடியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறார்கள். 11 போட்டோகிராபர்கள் இவர்களுக்கு வேலை தருகிறார்கள். முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க் பஸ் பார்சலில் வரும். ஒருமுறை ஒரு டிஸ்க் வழியில் அடிபட்டு, ஒரு முகூர்த்தத்தின் படங்கள் பாதி போய்விட்டன. அதற்குப் பிறகு கணவரின் நண்பர் ஒருவர் பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில், எஃப்டிபி என்ற முறையில் ஃபைல்களை வாங்கிக்கொள்ளும் ஃபைல்ஜில்லா சர்வர் புரோகிராமை நிறுவி, ரௌட்டரில் 21ஆம் போர்ட்டைத் (உள்ளே வரும் கதவை) திறந்துவிட்டார்.

தை மாதம் வரை அரைகுறையாக ஓடியிருக்கிறது. சிலருக்குப் படம் ஏறும். சிலருக்கு லாகின் ஆகும், ஃபோல்டர் பட்டியல் வராது. என்கிரிப்ஷனை (பேச்சை மறைகுறியாக்கும் பூட்டை) எடுத்துவிட்டால் எல்லோருக்கும் வேலை செய்ததால், எல்லோரையும் அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். கரண்ட் போய் வந்த சில நாட்களில் யாருக்குமே கிடைக்காது. பெரிய வீடியோ ஃபைல் முழுதாக வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அனுப்பியவர் பக்கம் ‘தோல்வி’ என்று காட்டி மறுபடி முதலிலிருந்து ஏறத் தொடங்கும்.

பங்குனியில் மாதக் கட்டணம் குறைவு என்று வேறு நிறுவனத்தின் ஃபைபர் கனெக்‌ஷனுக்கு மாறினார்கள். அன்றிலிருந்து வெளியே இருந்து லாகினே ஆகவில்லை. பார்க்க வந்த டெக்னீஷியன், ‘உங்கள் சர்வருக்கு இந்தப் பெட்டி தாங்காது’ என்று சொல்லி 4,800 ரூபாய்க்கு ஒரு ரௌட்டரை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். உறவுக்காரப் பையன் ஒருவர் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்து, கம்ப்யூட்டரை ரௌட்டரின் டிஎம்இசட் என்ற அமைப்பில் போட்டிருக்கிறார். அப்படியும் வரவில்லை. ரௌட்டர் பக்கத்தில் ஒரு ஐபி எண்ணும், இணையத்தில் பார்த்தால் வேறொரு எண்ணும் காட்டுவதால், யாராவது ஹேக் செய்துவிட்டார்களோ என்ற பயம் வேறு. கணவர், ‘பேசாமல் பஸ் பார்சலுக்கே போய்விடலாம்’ என்கிறார். ரௌட்டரை மாற்றலாமா, நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கலாமா, கணவர் சொல்வதுதான் சரியா என்று கேட்டிருக்கிறார்.

வணக்கம் சகோதரி. முதலில் ஒரு விஷயம்: யாரும் உங்களை ஹேக் செய்யவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. இரண்டு எண்கள் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் வேறு. உங்கள் கேள்விக்கான பதிலும் அந்தக் காரணத்துக்குள்தான் இருக்கிறது.

தை மாதத்தில் இருந்த பிரச்சினையையும் பங்குனியில் வந்ததையும் நீங்கள் ஒன்றாகவே பார்க்கிறீர்கள். இரண்டும் வேறு. எஃப்டிபி விஷயத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்ற பேச்சை நான் காதில் வாங்குவதில்லை. ‘எந்த வரியில் நின்றது’ என்றுதான் கேட்பேன். லாகினுக்கு முன்னால் நின்றால் ஒரு காரணம், லாகின் ஆன பிறகு நின்றால் இன்னொரு காரணம், ஃபைல் முழுதாகப் போன பிறகு நின்றால் மூன்றாவது ஒன்று. நல்லவேளையாக நீங்கள் இரண்டு காலத்து லாக் பதிவுகளையும், அதாவது இணையும்போது அனுப்புகிறவரின் ஃபைல்ஜில்லா வரிவரியாக எழுதிய குறிப்புகளையும், எடுத்து வைத்திருக்கிறீர்கள். அவற்றை வைத்தே பேசுவோம்.

தை மாதத்து லாக் சொல்வது

அதில் 220 என்ற எண்ணோடு சர்வரின் வரவேற்பு வருகிறது. அப்புறம் டிஎல்எஸ் என்ற பூட்டுப் போட்ட இணைப்பு அமைகிறது, பெயரும் பாஸ்வேர்டும் போகின்றன, 230 என்று லாகின் வெற்றி. எல்லாம் சரி. அடுத்து 227 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் ஆறு எண்கள் இருக்கின்றன: 192,168,1,34,214,37. அதற்குக் கீழே, சர்வர் கொடுத்த முகவரிக்குப் போக வழியில்லை, சர்வரின் வெளி முகவரியையே பயன்படுத்துகிறேன் என்று போட்டோகிராபர் பக்கத்து ஃபைல்ஜில்லா ஒரு வரி எழுதியிருக்கிறது. அடுத்து 20 விநாடி மௌனம். பட்டியலை எடுக்க முடியவில்லை என்று முடிந்துவிட்டது.

அந்த ஆறு எண்களில்தான் விஷயம் இருக்கிறது. எஃப்டிபி ஒரு இணைப்பில் நடக்கும் காரியம் இல்லை. உங்கள் பக்கத்து ஜவுளி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். விலை, கணக்கு எல்லாம் முன்வாசலில் கல்லா அருகே பேசுவார்கள். சரக்கு ஏறி இறங்குவது பின்பக்கத்து குடோன் கதவில். எஃப்டிபியில் 21ஆம் போர்ட் என்பது கல்லா. லாகின், கட்டளை, பதில் எல்லாம் அங்கே. படமோ, ஃபோல்டர் பட்டியலோ போவதற்கு ஒவ்வொரு முறையும் தனியாக ஒரு கதவு திறக்க வேண்டும். பாஸிவ் மோட் என்ற இன்றைய வழக்கமான முறையில், எந்தக் கதவுக்கு வரவேண்டும் என்பதை சர்வர் 227ஆம் வரியில் சொல்கிறது.

முதல் நான்கு எண்கள் ஐபி முகவரி: 192.168.1.34. கடைசி இரண்டும் போர்ட். 214ஐ 256ஆல் பெருக்கி 37ஐக் கூட்டினால் 54821. அதாவது உங்கள் சர்வர், மதுரையில் இருக்கும் போட்டோகிராபரிடம், ‘192.168.1.34 என்ற வீட்டுக்கு வந்து 54821ஆம் கதவைத் தட்டு’ என்று சொல்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரி உங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். அதே எண் மதுரையில் அவர் வீட்டு டிவிக்கும் இருக்கலாம். ஃபைல்ஜில்லா கொஞ்சம் சமயோசிதமாக முகவரியைத் திருத்திக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் வாசலில் திறந்திருப்பது 21 மட்டும், 54821 பூட்டியிருக்கிறது. 20 விநாடி தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

எஃப்டிபியை வடிவமைத்தவர்கள் கவனிக்காமல் விட்ட குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். 1971 ஏப்ரலில் இதன் முதல் வரைவை எழுதியவர் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் பேட்ச் மாணவர். இன்றும் நாம் பின்பற்றும் வடிவம் 1985இல் வந்தது. ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் பல கருவிகள் ஒளிந்து நிற்கும் ‘நாட்’ என்ற ஏற்பாடு எழுத்தில் வந்ததோ 1994இல். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொந்த முகவரி இருந்த காலத்து முறையை, இன்று நாம் ஒரே கதவுள்ள வீட்டுக்குள் வைத்து ஓட்டுகிறோம்.

சரி, என்கிரிப்ஷனை எடுத்ததும் எப்படி வேலை செய்தது? உங்கள் பழைய ரௌட்டரில் எஃப்டிபி ஏஎல்ஜி என்ற உதவி வசதி இருந்திருக்கிறது. அது 21ஆம் போர்ட்டில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்கும். 227 வரியைப் பார்த்ததும் 192.168.1.34ஐ அடித்துவிட்டு வெளி முகவரியை எழுதி, 54821ஐயும் அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிடும். டிஎல்எஸ் போட்டால் பேச்சு முழுதும் மறைகுறியாகிவிடுகிறது. ரௌட்டரால் படிக்க முடியாது, திருத்தவும் முடியாது. அதனால்தான் நின்றது. ‘பூட்டுப் போட்டால் எஃப்டிபி ஓடாது’ என்ற முடிவுக்கு நீங்கள் வந்தது, கண்ணால் பார்த்ததை வைத்து வந்த நியாயமான முடிவுதான். ஆனால் அது தவறு. ரௌட்டரின் தயவை நம்பாமல் சர்வரையே சரியான முகவரி சொல்ல வைத்தால், பூட்டோடு அழகாக ஓடும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பூட்டில்லாத எஃப்டிபியில் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தெழுத்தாகப் போகிறது. மண்டபத்து வைஃபையிலிருந்து ஒரு போட்டோகிராபர் படம் அனுப்பினால், அதே வைஃபையில் இருக்கும் விவரம் தெரிந்த ஒருவர் அதை எடுத்துவிடலாம். அந்த 11 பேரின் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள். அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பெரிய ஃபைல் இரண்டு முறை ஏறியது

உங்கள் கடிதத்தில் ஓரமாக ஒரு வரியில் இதைச் சொல்லியிருந்தீர்கள். இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 ஜிபி வீடியோ, அனுப்புகிறவருக்கு 40 எம்பிபிஎஸ் அப்லோட். 40ஐ எட்டால் வகுத்தால் விநாடிக்கு 5 எம்பி. 14 ஜிபி போய்ச் சேர 2,800 விநாடி, அதாவது ஏறக்குறைய 47 நிமிடம். அந்த 47 நிமிடமும் சரக்கு குடோன் கதவில் போய்க்கொண்டே இருக்கிறது. கல்லாவில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் உள்ள ரௌட்டர் கல்லா இணைப்பு செத்துவிட்டது என்று முடிவு செய்து தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. சரக்கு முழுதும் இறங்கியதும் சர்வர் ‘வந்து சேர்ந்தது’ என்று கல்லாவில் சொல்கிறது. அந்தச் சொல் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

பேச்சில்லாத இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் ரௌட்டர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று இணையத்தின் தர விதி சொல்கிறது. வீடுகளுக்கு வரும் ரௌட்டர்கள் பலவற்றில் அந்த நேரம் இதைவிடக் குறைவு. பெரிய வீடியோவை 2 ஜிபி துண்டுகளாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தத் தொல்லைக்கு அதைவிட எளிய மருந்து எனக்குத் தெரியவில்லை. பாதியில் அறுந்தாலும் ஒரு துண்டுதான் திரும்ப ஏறும்.

கரண்ட் போய் வந்தால் நின்றுபோனதற்கு இத்தனை விளக்கம் வேண்டியதில்லை. ரௌட்டர் மறுபடி உயிர் பெற்றதும் கம்ப்யூட்டருக்கு 34க்குப் பதிலாக 37ஐயோ 41ஐயோ கொடுத்திருக்கும். திறந்த கதவு 34ஐயே பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். ரௌட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கும் வசதி இருக்கும். அதைச் செய்துவிட்டால் தீர்ந்தது.

பங்குனிக்குப் பிறகு நடந்தது

புதிய லாக்கில் 220 வரியே இல்லை. இணைக்கிறேன், இணைக்கிறேன், நேரம் முடிந்தது. அவ்வளவுதான். கல்லா வரைக்கும்கூட யாரும் வரவில்லை. இங்கே பாஸிவ், டிஎல்எஸ், ஏஎல்ஜி எதைத் தொட்டும் பயனில்லை.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 4,800 ரூபாய் ரௌட்டரின் வான் முகவரி, அதாவது அதன் வெளிப்பக்க முகவரி, 192.168.1.5. அதாவது அது நேராக இணையத்தில் இல்லை. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறது. அந்த ஃபைபர் பெட்டியும் ஒரு ரௌட்டர்தான். ஆக, வெளியிலிருந்து வருகிறவர் இரண்டு கதவைத் தாண்ட வேண்டும். உறவுக்காரப் பையன் திறந்தது உள் கதவை மட்டும்.

அடுத்து அந்த ஃபைபர் பெட்டியின் வான் முகவரி. அது 100.72 என்று தொடங்குகிறது. இதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள்ளேயே பயன்படுத்திக்கொள்வதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டு ரௌட்டர் செய்யும் அதே வேலையை நிறுவனமும் தன் பங்குக்குப் பெரிய அளவில் செய்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். பல வீடுகள் சேர்ந்து ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. இணையத்தில் நீங்கள் பார்த்த எண், அந்தப் பொது முகவரி. ரௌட்டரில் இருந்த எண், உங்கள் பெட்டியின் முகவரி. ஹேக் என்று நீங்கள் பயந்தது இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான்.

நீங்கள் வெளியே போகும்போது இதனால் எந்தத் தடையும் இல்லை. யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும். வெளியிலிருந்து ஒருவர் உங்களைத் தேடி வரும்போதுதான் சிக்கல். அந்தப் பொது முகவரியின் 21ஆம் கதவைத் தட்டினால், பின்னால் இருக்கும் வீடுகளில் எதற்கு அனுப்புவது என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. அதனால் விட்டுவிடும். அந்தக் கருவி உங்கள் கையில் இல்லை. ஆகவே, நீங்கள் எத்தனை ரௌட்டர் வாங்கினாலும், எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் இது சரியாகாது. அந்த 4,800 ரூபாயைச் செலவழிக்கும் முன் ஃபைபர் பெட்டியின் வான் எண்ணை யாராவது ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம் என்று எனக்கும் வருத்தமாக இருக்கிறது.

புகார் கொடுக்கலாமா?

சிஜிநாட்டில் வைத்ததற்காகப் புகார் கொடுத்தால் நிற்காது என்பதே என் கருத்து. உலகத்திலுள்ள ஐபிவி4 (நாம் இதுவரை பார்த்த நான்கு எண் வகை) முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. பின்னால் வந்த நிறுவனங்களுக்குப் பகிர்ந்துகொள்வதைத் தவிர வழி குறைவு. கனெக்‌ஷன் எடுக்கும்போது ‘பப்ளிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான வெளி முகவரி) உண்டு’ என்று எழுத்தில் அல்லது மெயிலில் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது முதலில் வாடிக்கையாளர் சேவையில் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

ரௌட்டர் விஷயத்தில் உங்களுக்கு வழி இருக்கிறது. பில் கொடுத்தாரா என்று பாருங்கள். ‘இது போட்டால் சர்வர் வேலை செய்யும்’ என்று சொல்லி விற்ற பொருள் அது. பில் இருந்தால் விற்றவரிடம் பணம் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசலாம். பில் இல்லையென்றால் சண்டைக்குப் போய் மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி மாடியில் வைஃபைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி மாற்றினால் இரட்டைக் கதவும் போய்விடும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதல் வழி, நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் (மாறாத) பப்ளிக் ஐபி கேட்பது. தனிக் கட்டணம் இருக்கும். சில நிறுவனங்கள் வணிகத் திட்டத்துக்கு மாறினால்தான் கொடுக்கும். ‘ஸ்டேட்டிக் ஐபி வேண்டும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பு எனக்கு வேண்டும், 21ஆம் போர்ட்டை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். வீட்டுத் திட்டத்தில் சர்வர் வைக்க நிபந்தனை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன். உங்கள் கம்ப்யூட்டரிலும் போட்டோகிராபரின் லேப்டாப்பிலும் நிறுவினால், இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். போர்ட் திறக்கவே வேண்டாம், சிஜிநாட்டும் தடையில்லை. ஆனால் 11 பேரின் லேப்டாப்பிலும் நீங்கள்தான் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்களிடம் வேலை தரும் இருவர் மண்டபத்திலிருந்து போன் ஹாட்ஸ்பாட் வழியாகக் கேமராவிலிருந்தே எஃப்டிபியில் படம் அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேமராவுக்குள் விபிஎன்னைப் போட முடியாது.

மூன்றாவது, பொது முகவரியுள்ள ஒரு சிறிய சர்வரை மாத வாடகைக்கு எடுப்பது. படங்கள் அங்கே போய் இறங்கும்; உங்கள் கம்ப்யூட்டர் இரவில் அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் படம் வந்துகொண்டிருக்கும் என்பது பெரிய சௌகரியம். ஆனால் பராமரிக்க லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும், முகூர்த்த மாதத்தில் இடமும் நிறைய வேண்டும்.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை மூலம் செய்யலாம் என்று யாராவது சொல்லக்கூடும். உங்கள் வீடு, அனுப்புகிறவர், கேமரா மூன்றிலும் அது இருந்தால்தான் உண்டு. ஒருவருக்கு இல்லையென்றாலும் உங்களுக்குத்தான் போன் வரும். ஆக்டிவ் மோடுக்கு மாறலாம் என்று நண்பர் சொன்னதும் இதே கதைதான். அதில் சர்வர்தான் போட்டோகிராபரைத் தேடிப் போக வேண்டும். அவரும் ஒரு ரௌட்டருக்கோ போன் ஹாட்ஸ்பாட்டுக்கோ பின்னால்தான் இருக்கிறார். சிக்கல் உங்கள் வீட்டிலிருந்து 11 வீடுகளுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால் எஸ்எஃப்டிபியைச் சொல்லியிருப்பேன். பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது, முறை வேறு. பேச்சும் சரக்கும் 22ஆம் போர்ட் என்ற ஒரே கதவில் பூட்டோடு போகும், இந்தக் குடோன் தொல்லையே கிடையாது. ஆனால் ஃபைல்ஜில்லாவின் இலவச சர்வரில் அது இல்லை, கேமராவிலிருந்தே அனுப்பும் அந்த இரண்டு போட்டோகிராபர்களின் கேமராக்களிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு முதல் வழியே பொருத்தம் என்று நினைக்கிறேன். கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் இரண்டாவதும், கேமராவிலிருந்தே அனுப்பும் இருவருக்கு மட்டும் மூன்றாவது வழியான வாடகை சர்வரும்.

பப்ளிக் ஐபி வருவதற்கு முந்தைய நாள்

இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இப்போது ஃபயர்வால் அணைந்திருக்கிறது, கம்ப்யூட்டர் டிஎம்இசட்டில் இருக்கிறது. டிஎம்இசட் என்றால், எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கே அனுப்பு என்று பொருள். இதுவரை ஒன்றும் ஆகாததற்குக் காரணம், எந்த சிஜிநாட்டால் நீங்கள் அவதிப்படுகிறீர்களோ அதுவே வெளியாட்களையும் தடுத்து வைத்திருப்பதுதான். பப்ளிக் ஐபி கிடைத்த நிமிடத்தில் அந்த மறைப்பு போய்விடும். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. இணையத்தில் திறந்த கதவைத் தேடி இரவு பகலாகச் சுற்றும் புரோகிராம்கள் நிறைய உண்டு. உங்கள் படங்கள் அத்தனையையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வருவது இப்படிப்பட்ட கதவுகள் வழியாகத்தான். அதில் இருப்பது பல குடும்பங்களின் கல்யாணம்.

ஆகவே முதலில் டிஎம்இசட்டை எடுத்துவிட்டு, ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள். அதில் ஃபைல்ஜில்லா சர்வர் புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். முடிந்தால் விண்டோஸ் 11 ஏற்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு மாறுங்கள். அல்லது சர்வராக இருக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் வேலையையும் பழைய ஆல்பங்களையும் வைக்காமல் இருங்கள். ஒவ்வொரு போட்டோகிராபருக்கும் தனிப் பெயர், தனி ஃபோல்டர். ஒருவர் ஃபோல்டரை மற்றவர் பார்க்கக் கூடாது, அழிக்கும் அனுமதி யாருக்கும் வேண்டாம். பெயரில்லாமல் நுழையும் அனானிமஸ் வசதி அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஐபி வந்ததும், ஃபைல்ஜில்லா சர்வரின் பாஸிவ் மோட் அமைப்பில் போர்ட் எல்லையை 50000 முதல் 50100 வரை என்று போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதுக் கதவு வேண்டும். 1,500 படம் மளமளவென்று ஏறும்போது பத்துக் கதவு போதாது, அதனால்தான் நூறு. அதே பக்கத்தில் வெளி ஐபி என்ற இடத்தில் உங்கள் ஸ்டேட்டிக் எண்ணை எழுதுங்கள். ஃபைபர் பெட்டியில் 21ஐயும் 50000–50100ஐயும் டிசிபி என்று தேர்ந்து, கம்ப்யூட்டரின் நிரந்தர முகவரிக்குத் திருப்புங்கள். எஃப்டிபி ஏஎல்ஜி இருந்தால் அணைத்துவிடுங்கள். டிஎல்எஸ் கட்டாயம் என்று வையுங்கள். ஆனால் அதற்கு முன் அந்த இரண்டு கேமராக்களிலும் எஃப்டிபிஎஸ் (டிஎல்எஸ் பூட்டோடு போகும் எஃப்டிபி) இருக்கிறதா என்று மெனுவில் பார்க்கச் சொல்லுங்கள். முதல்முறை இணையும்போது போட்டோகிராபருக்குச் சான்றிதழ் எச்சரிக்கை ஒன்று வரும். அதில் இருக்கும் கைரேகை எண்ணை நீங்கள் போனில் படித்துக் காட்டுங்கள். ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டு வைஃபையிலிருந்தே வெளி முகவரியைப் போட்டு சோதித்து, வரவில்லை என்று சோர்ந்துபோயிருக்கிறீர்கள். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். உள்ளே இருந்துகொண்டு வெளி முகவரி வழியாக மறுபடி உள்ளே வருவதைப் பல ரௌட்டர்கள் அனுமதிப்பதில்லை. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். லாகின் ஆனதும் 227 வரியைப் படியுங்கள். முதல் நான்கு எண்கள் உங்கள் ஸ்டேட்டிக் ஐபியாக இருக்க வேண்டும். ஐந்தாவது எண் 195ஆக இருக்க வேண்டும்; ஆறாவது 80 முதல் 180க்குள் வர வேண்டும். அப்படி வந்தால் போர்ட் நீங்கள் போட்ட எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள். 227க்குப் பதில் 229 வந்தால் பதற வேண்டாம். அது முகவரி சொல்லாமல் போர்ட்டை மட்டும் நேராகச் சொல்லும் புதிய வடிவம், அதில் 50000க்கும் 50100க்கும் நடுவில் ஒரு எண் இருந்தால் சரி. லாகின் ஆகிப் பட்டியல் வராவிட்டால், பாஸிவ் எல்லையை ஃபைபர் பெட்டியிலும் ஃபயர்வாலிலும் மறுபடி பாருங்கள். 220 வரியே வராவிட்டால் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர் சொன்னது. ஒரு கல்யாணத்தின் ரா ஃபைல்கள் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படங்கள்) எல்லாம் சேர்ந்து 120 ஜிபி என்று எழுதியிருந்தீர்கள். அதே 40 எம்பிபிஎஸ்ஸில் அது ஏற 24,000 விநாடி, அதாவது 6 மணி 40 நிமிடம் ஆகும், வேறு யாரும் அந்த லைனைத் தொடாவிட்டால். ஆகவே ரா ஃபைல்களுக்கு பஸ் பார்சல் இன்றைக்கும் மோசமான வழி அல்ல. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த ஜேபெக் படங்கள் எஃப்டிபியில் வரட்டும், முழு ரா டிஸ்க்கில் வரட்டும். ஒன்று மட்டும் போட்டோகிராபர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: டிஸ்க் உங்கள் கைக்கு வந்து, நீங்கள் திறந்து பார்த்து, ‘எல்லாம் இருக்கிறது’ என்று மெசேஜ் போடும்வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது.